பலகையை ஒப்பித்த ஸ்கேன் அக்கா

முதல் நாள் முகாமுக்கு வந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவருக்குக்கூடக் கண்ணில் குறையில்லை. பல் போனவர்கள், நடுவயதுக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் எண்பலகையின் கடைசி வரிசைவரை தடங்கலே இல்லாமல் படித்தார்கள். நாற்பது வருட அனுபவத்தில் இப்படி ஓர் ஊரைப் பார்த்ததே இல்லை என்றார் டாக்டரம்மா. நான் அதைப் பாராட்டு என்று நினைத்து, அப்படியே மைக்கில் மொழிபெயர்த்தேன். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

கடல் கடந்து போய், ஏழைப் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இலவசமாகக் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கிற தொண்டுக் குழு எங்களுடையது. மூன்று வாரப் பயணம். கண் டாக்டர் ஒருவர், உதவியாளர்கள் இரண்டு பேர், நான்கு பெட்டி நிறையக் கண்ணாடிகள், பிறகு நான். அந்த ஊர்க்காரர்கள் பேசுவதும் என் மொழிதான் என்பதால் என்னை மொழிபெயர்ப்பாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் வேலையில்லாமல் இருந்த எனக்கு, இந்தப் பயணம் பிற்பாடு விண்ணப்பங்களில் எழுத ஒரு நல்ல வரியாக இருக்கும் என்ற எண்ணமும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. "ஏழையைப் பாக்க பிளேன் ஏறிப் போகணுமா? கதவைத் திறந்தா நம்ம வீடுதானே தெரியும்" என்று அப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால், கேட்டுவிட்டு அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம்வரை வந்தார்.

முகாம் நடந்த இடம் ஒரு பழந்துணிக் கொட்டகையின் முற்றம். பணக்கார நாடுகளில் உடுத்திச் சலித்த துணிகள் இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய பொதிகளாக அங்கே வந்து இறங்கும். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நீள மேசைகளின் முன் நின்று அவற்றைப் பிரித்து ரகம் போடுவார்கள். குறையில்லாதது முதல் ரகம், அது கப்பலேறி வேறு நாட்டுக் கடைகளுக்குப் போகும். சின்னக் குறை இருந்தால் இரண்டாம் ரகம், அது உள்ளூர்ச் சந்தைக்கு. மிச்சமெல்லாம் கந்தல். பொத்தானை வெட்டி, தையலைப் பிரித்து, இயந்திரம் துடைக்கிற துணியாகப் பட்டறைகளுக்கு விற்றுவிடுவார்கள். கொட்டகையைச் சுற்றித் தகரக் கூரை போட்ட வீடுகள். வேலை செய்கிறவர்களின் குடும்பங்கள் அங்கேதான் இருந்தன.

இரண்டாம் நாள் காலையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். டாக்டரம்மாவுக்கு முதல் நாளே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் பலகையை மறுபக்கம் திருப்பி மாட்டினார். மறுபக்கத்தில் வேறு எண்கள். சிறுமி நிமிர்ந்து உட்கார்ந்து, தொலைபேசி எண் சொல்வதுபோல முதல் பக்கத்து எண்களை மேலிருந்து கீழ்வரை கடகடவென்று ஒப்பித்தாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "முழு மார்க்கா?" என்று கேட்டாள்.

அடுத்து வந்தவரும் அதையே ஒப்பித்தார். அதற்கடுத்தவரும் அதேதான். டாக்டரம்மா முதலில் சிரித்தார். மூன்றாவது ஆளுக்குப் பிறகு சிரிக்கவில்லை.

"யாரு பாப்பா உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?" என்று சிறுமியிடம் கேட்டேன்.

"எங்கம்மா. எல்லாருக்கும் எங்கம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. குழாயடியில."

அவளுடைய அம்மாவைத்தான் கொட்டகையில் எல்லோரும் 'ஸ்கேன்' என்று கூப்பிட்டார்கள். இளையவர்களுக்கு ஸ்கேன் அக்கா. நாற்பத்தொரு வயது. பதினேழு வருடமாக அங்கே வேலை. அதில் கடைசி ஒன்பது வருடம் முதல் மேசை. பொதியிலிருந்து விழும் துணி முதலில் வருகிற இடம் அது. முதல் ரகமா இல்லையா என்பதை அங்கே நிற்கிறவள்தான் தீர்மானிக்க வேண்டும். அக்கா ஒரு சட்டையை எடுத்து இரண்டு கைகளாலும் ஒருமுறை தடவிவிட்டால் போதும். காலர், அக்குள், பொத்தான் வரிசை, கீழ் மடிப்பு. குண்டூசி நுழைகிற ஓட்டையாக இருந்தாலும் விரல் அங்கே போய் நின்றுவிடும். பெயர் அப்படித்தான் வந்தது.

அன்று மாலை வேலை முடிந்து வந்தவரை வாசலில் பிடித்தேன். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"கேளு டீச்சர். நடந்துக்கிட்டே கேளு, அடுப்பு காத்துக்கிட்டிருக்கு."

நான் டீச்சர் இல்லை என்று சொன்னேன். "கையில பேனா, கழுத்துல அட்டை, வாயில மைக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

ஒரே அறை வீடு. சுவரோரம் இரண்டு இரும்புப் பெட்டிகள், அவற்றின் மேல் மடித்து வைத்த படுக்கை. அக்காவின் கணவர் கொட்டகையில் பொதி தூக்குகிறவர். முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் போனவரை அக்கா தோளில் அழுத்தி உட்கார வைத்தார். "எந்திரிச்சா உட்கார அரை மணி நேரம் ஆகும். அப்படியே இரு."

"பலகையை ஏன்க்கா எல்லாருக்கும் மனப்பாடம் பண்ணிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "நீதானே சொன்ன?"

"நானா?"

"முதல் நாள் காலையில மைக்குல யாரு பேசினது? 'உங்க ரிசல்ட் எல்லாம் நேரா ஆபீசுக்கே போயிடும், நீங்க கவலையே பட வேண்டாம்'னு சொன்னது யாரு? நானா?"

சொன்னது நான்தான். முற்றத்தை இலவசமாகக் கொடுத்ததற்குப் பதிலாக, தொழிலாளர்களின் பரிசோதனை முடிவுகளில் ஒரு பிரதி வேண்டும் என்று கொட்டகை அலுவலகம் கேட்டிருந்தது. குழுவும் சரி என்றிருந்தது. நான் அதை ஒரு வசதி என்று நினைத்து அறிவித்தேன். என் அம்மா அரசு மருத்துவமனையில் ஒரு துண்டுச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். காகிதம் தானாகவே போய்ச் சேரும் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. கண் தெரியாது என்ற செய்தியும் அந்தக் காகிதத்தோடு முதலாளியிடம் போய்ச் சேரும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பதினாறு வருடம் படித்திருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க இந்த அம்மாவின் அடுப்படிக்கு வரவேண்டியிருந்தது.

"பலகையை மாட்டினதும் காவல்காரரு சும்மா நின்னு சத்தமா படிச்சுப் பாத்தாரு. அவருக்குக் கண்ணு கழுகு மாதிரி. பக்கத்துல நின்னு ரெண்டு தடவை கேட்டேன், அவ்வளவுதான். அப்புறம் குழாயடியில எல்லாருக்கும் பாடம் எடுத்தேன். நாலாங் கிளாசோட நின்னவ நான். அன்னிக்கு மட்டும் நான்தான் டீச்சர்."

"ரெண்டு தடவை கேட்டீங்களா? நீங்களே பாத்துப் படிச்சிருக்கலாமே?"

அக்கா மறுபடி அடுப்பை ஊதினார். கணவர் முழங்காலைத் தடவியபடி, "சொல்லு, டீச்சர் புள்ள யாருகிட்ட போய் சொல்லப் போகுது" என்றார்.

அப்புறம்தான் அக்கா சொன்னார். இரண்டு வருடமாகவே அவருக்குக் கிட்டத்தில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. தூரமும் மங்கல்தான். கிழிசலையும் தையல் விட்டதையும் விரல் சொல்லிவிடும். கறையை மட்டும் விரல் சொல்லாது. அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அடுத்து நிற்கிற தோழி, அக்காவின் கையில் இருக்கிற துணியில் கறையைப் பார்த்தால் ஒருமுறை இருமுவாள். அக்கா அதை இரண்டாம் ரகத்தில் போடுவார். தன் வேலைக்கு நடுவே தோழி கவனிக்காத சின்னக் கறைகள் தப்பிப் போனாலும், புகார் வருகிற அளவுக்குப் போனதில்லை. துணித் தூசியில் எல்லோரும் இருமுகிற இடம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நான்கு மாதம் முன்னால் தோழி தன் மூத்த மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் லீவு போட்டாள். அந்த மாதம் போன முதல் ரகப் பொதி ஒன்று, பாதிக்குப் பாதி கறைச் சட்டை என்று கப்பலேறித் திரும்பி வந்தது. அது எந்த மேசையில் நடந்தது என்று சூப்பர்வைசர் அன்றிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குகிறவர் என்பதால் அவருக்குப் பெயரும் விசில்தான்.

"விசிலு கையில அந்தக் காகிதம் போச்சுன்னா, திரும்பி வந்த பொதிக்கு ஆளு கிடைச்சாச்சு. நேரா வாசல்தான். இவருக்கு முழங்காலு இப்படி. என் மேசையை வச்சுத்தான் இந்த வீடு நிக்குது. அதான்." அக்கா நெருப்பைக் குறைத்தார். "எனக்கு மட்டும் இல்ல. அங்க பாதிப் பேருக்கு இதே கதைதான். ஆளுக்கு ஒரு திருட்டு வழி வச்சிருக்கோம்."

"உங்க பொண்ணு?"

"அதுக்கென்ன? அது நல்லாத்தான் இருக்கு. பரீட்சைன்னு நினைச்சுக்கிட்டு அதுவும் கத்துக்கிச்சு."

மூலையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்த சிறுமியைப் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தில் மூக்கு இடிக்கிற தூரத்தில் குனிந்திருந்தாள். நான் பார்ப்பதை அக்கா கவனித்தார். மகள் எவ்வளவு குனிந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது, அந்தத் தூரத்தில் அவருக்கு அவள் ஒரு மங்கல் உருவம்தான். "பாப்பா நோட்டை எவ்வளவு கிட்ட வச்சுக்கிறா தெரியுமா அக்கா?" என்று என் கையால் அளந்து காட்டினேன். அக்கா எழுந்து போய், மகளின் தலைக்கும் நோட்டுக்கும் நடுவே தன் உள்ளங்கையை விட்டுப் பார்த்தார். கை முழுதாகக்கூட நுழையவில்லை.

கிளம்பும்போது என் குழுச் சட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இந்த மாதிரிச் சட்டை பொதி பொதியா வரும் டீச்சர். ஏதோ ஊரு பேரு, ஏதோ வருஷம் அச்சடிச்சிருக்கும். ஒரு தடவைகூட போட்டிருக்க மாட்டாங்க. குறையே இருக்காது. ஆனா வேற ஆளு பேரு போட்டதை யாரு வாங்குவா? நேரா கந்தல்தான்." எனக்கு முகம் சுருங்கிப் போயிருக்க வேண்டும். "உன்னையச் சொல்லல, சட்டையச் சொன்னேன்" என்று முதுகில் தட்டினார்.

மறுநாள் காலையிலேயே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்து. பிரதி கொடுப்பதாக ஒப்புக்கொண்டது தானும்தான் என்றார். பிறகு நேராக அலுவலகத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். நோயாளியின் காகிதம் நோயாளியின் கையில்தான் போகும், எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற எண்ணிக்கை மட்டும் அலுவலகத்துக்கு வரும் என்று அவர் சொன்னதை மொழிபெயர்த்தேன். மேலாளர் முகத்தைச் சுளித்தார். முற்றத்தில் கட்டியிருந்த பெரிய பதாகையையும், அதில் தங்கள் பெயர் இருப்பதையும் ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தார். "சரி, சரி" என்றார்.

வெளியே வந்ததும் மைக்கைத் தேடினேன். தண்ணீர் குடிக்க வந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மைக்கைத் தொடாத. மைக்குல சொன்னதுனாலதான் இத்தனை வம்பும். நீ இப்ப போய் 'ஆபீசுக்குப் போகாது'ன்னு சொன்னா, அவங்களுக்கு 'ஆபீசு'ங்கிறது மட்டும்தான் காதுல விழும்."

"அப்ப எப்படிக்கா நம்புவாங்க?"

"யாராவது ஒருத்தி முதல்ல போய் உட்காரணும். உண்மையா." தண்ணீர்க் குவளையைக் கழுவி ஆணியில் மாட்டினார். "மத்தியான இடைவேளையில வரேன். பாப்பாவையும் கூட்டிட்டு வரேன். பலகை வேண்டாம்னு சொல்லு, அதைப் பாத்தாலே எனக்கு வாயில நம்பரு தானா வருது."

டாக்டரம்மா எண் அட்டைகளைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். சிறுமிக்குப் பெரிய இரண்டு அட்டைகளுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு அட்டைக்கும் ஏதோ ஒரு எண்ணைத் துணிச்சலாகச் சொன்னாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு கண்ணு, இங்க மார்க்கு கிடையாது" என்றார் அக்கா. உடனே அவள் அழுதுவிட்டாள். அவளுக்கான கண்ணாடியை நகரத்தில் செய்து வரவழைக்க வேண்டும், ஐந்து நாள் ஆகும் என்றார்கள்.

அக்காவுக்கு வேண்டியது எங்கள் பெட்டியிலேயே இருந்தது. கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. மாட்டிக்கொண்டதும் அவர் முதலில் பார்த்தது தன் கைகளை. முன்னும் பின்னும் திருப்பினார். நகக்கண், ரேகைகள், பொதியின் இரும்புப் பட்டை கிழித்த பழைய தழும்பு. பிறகு எதிரே, சாப்பாட்டு வாளியோடு நின்ற கணவரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. ரெண்டு வருஷமா ஒரு அழகான ஆளோட குடும்பம் நடத்திக்கிட்டிருந்தேன். அவரு எங்க போனாருன்னு தேடுறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் டாக்டரம்மா என்னவென்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அட்டைகள் கீழே கொட்டின.

கண்ணாடியை வீட்டில் மட்டும் போட்டுக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை, பள்ளிப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வாங்க நான் கொட்டகைக்குள் போனபோது, முதல் மேசையில் கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தார். அங்கே கண்ணாடி போட்ட பெண் அவர் ஒருவர்தான். துணியைத் தடவுவதற்குப் பதில் விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்துத் தோழி பழக்கத்தில் இருமினாள். "இனி இருமாதடி, உண்மையிலேயே சளி புடிச்சுக்கப் போகுது" என்று அக்கா வாய்க்குள் சொன்னார்.

பத்து மணிவாக்கில் விசில் வந்தார். அக்காவின் வலது பக்கக் குவியலைப் பார்த்தார். வழக்கமாக இடுப்பு உயரம் இருக்க வேண்டிய முதல் ரகக் குவியல், அன்றைக்கு முழங்காலுக்குக் கீழே கிடந்தது. இரண்டாம் ரகம் மலையாக எழும்பியிருந்தது.

"என்னம்மா இது? முதல் ரகம் இவ்வளவுதானா? நேத்து வந்ததும் இதே பொதிதானே?"

அக்கா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். "நேத்து எனக்குக் கண்ணு தெரியல சார்."

பக்கத்து மேசைகளில் கைகள் நின்றன.

"என்ன சொல்ற?"

"கிழிசல் தெரியும். கறை தெரியாது. இப்பத்தான் தெரியுது. அந்தக் குவியல்ல பாதி, நேத்துன்னா முதல் ரகத்துல போயிருக்கும்."

"அப்ப திரும்பி வந்த அந்தப் பொதி?"

"என் மேசைதான் சார்."

விசில் தன் விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஊதவில்லை. எடுத்துவிட்டார். யாரையோ தேடுவதுபோலச் சுற்றிலும் பார்த்தார். நூறு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கந்தல் மேசைக்குப் போ. ஒரு வாரம். அப்புறம் பாக்கலாம்."

அந்த 'அப்புறம் பாக்கலாம்' என்ன என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அப்படி அனுப்பப்பட்ட இரண்டு பேர் கடைசிவரை கந்தல் மேசையை விட்டு மேலே வரவில்லை. ஒருத்தி வேலையை விட்டே நின்றுவிட்டாள். அங்கே கூலி பாதி. அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, கொட்டகையின் பின்கோடிக்கு நடந்தார்.

நான் முற்றத்துக்கு வந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் வராமல் இருந்திருந்தால் அவர் இன்றைக்கும் முதல் மேசையில் இருந்திருப்பார். இருமலும் விரலும் எப்படியோ அவரைக் காப்பாற்றியிருக்கும். உதவி செய்கிறேன் என்று வந்த நான் இதுவரை இரண்டு காரியம்தான் செய்திருந்தேன். முதலில் ஊரையே பயமுறுத்தினேன். இப்போது ஒருவரின் சோற்றில் கை வைத்தேன். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ, மதிய இடைவேளைக்கான விசில் சத்தம் கேட்டது.

பெண்கள் வெளியே வந்தார்கள். குழாய்ப் பக்கம் போகாமல் எங்கள் மேசைக்கு வந்தார்கள். எண்ணினேன், பதினான்கு பேர். முதலில் நின்றவள் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"எழுதிக்கோ. நான் அன்னிக்குச் சொன்னதெல்லாம் பொய்."

"பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"கந்தல் மேசைக்குத்தானே அனுப்பினான்? வாசலுக்கு அனுப்பலையே. நாங்க வாசலுன்னு நினைச்சுத்தான் பயந்தோம்." பின்னால் இருந்தவள் சேர்ந்துகொண்டாள்: "எல்லாரும் கண்ணாடி போட்டுக்கிட்டு நின்னா எல்லாரையுமா கந்தல் மேசைக்கு அனுப்புவான்? அவ்வளவு பெரிய மேசை அங்க ஏது?"

அந்த வாரத்தில் முதல் நாள் 'குறையில்லாத' நாற்பத்து மூன்று பேரையும் திரும்பப் பார்த்தோம். இருபத்தாறு பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

அக்காவை அனுப்பிய மூன்றாம் நாள் நான் கந்தல் மேசைக்குப் போனேன். அக்கா ஒரு காற்சட்டையின் தையலைக் கத்தியால் ஒரே இழுப்பில் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு டப்பா நிறையப் பொத்தான்கள்.

"என்ன டீச்சர், மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? துக்கம் விசாரிக்க வந்தியா?"

"பொதியே மோசம்னு சொல்லியிருக்கலாமேக்கா. அவரு நம்பியிருப்பாரு."

"நம்ப மாட்டான். பொதியைப் பிரிச்சுப் போட்டுப் பாப்பான். அப்புறம் பக்கத்து மேசையப் பாப்பான். இத்தனை நாள் எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு யோசிப்பான். அவ இருமினது வெளிய வரும். அவளுக்கு வீட்டுல அஞ்சு வாய். எனக்கு மூணுதான்." அடுத்த துணியை எடுத்தார். "இன்னொண்ணு, இங்க வந்தப்புறம் பாத்தேன். நல்ல துணியெல்லாம் கந்தல்ல கிடக்குது. முன்மேசையில யாரோ ஒருத்தி கண்ணு தெரியாம இங்க தள்ளியிருக்கா. தனியா எடுத்து வச்சிருக்கேன்." காலடியில் மடித்து அடுக்கிய ஒரு கட்டைக் காட்டினார். தண்டனையாக நிற்கிற இடத்தில்கூட அவருக்கு ரகம் போடாமல் இருக்க முடியவில்லை.

சிறுமியின் கண்ணாடி சொன்னபடியே ஐந்தாம் நாள் வந்தது. மாட்டிக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்று நான்கு பக்கமும் சுற்றினாள். கொட்டகைக் கூரையில் ஏதோ எழுதியிருப்பதை அன்றுதான் கண்டுபிடித்துச் சத்தமாகப் படித்தாள். பிறகு தூரத்தில் வந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்து அங்கிருந்தே கத்தினாள்: "அம்மா! உனக்கு நரைச்சிடுச்சு!"

"இதுக்கா உனக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்தேன்?" என்றார் அக்கா. ஆனால் நடையை நிறுத்திவிட்டார். அத்தனை தூரத்திலிருந்து மகள் தன்னை முதன்முறையாகப் பார்க்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் தட்டியிருக்க வேண்டும். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார்.

வாரம் முடிந்தது. எட்டாம் நாள் காலையில் விசில் ஊதுவதற்கு முன்பே நான் கொட்டகை வாசலில் நின்றேன். இன்னும் பரிசோதனைக்கு வராதவர்களின் பட்டியல் கையில் இருந்தது. அது ஒரு சாக்கு. முதல் மேசையில் ஒரு வாரமாகப் புதுப்பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அக்காவை யாரும் கூப்பிடவில்லை. அவரே வந்தார். கந்தலில் கண்டெடுத்த நல்ல துணிக்கட்டு கையில் இருந்தது. அதை மேசையின் முனையில் வைத்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோ தங்கச்சி" என்று அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றார். அவள் மறு பேச்சில்லாமல் தள்ளிக்கொண்டாள்.

விசில் வந்தார். துணிக்கட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவர் பொதியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை உருவி மேசைமேல் எறிந்தார்.

அக்கா விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பினார். "ரெண்டு."

"எங்க?"

"காலருக்கு உள்பக்கம். வேர்வை மஞ்சள்."

விசில் குனிந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். இன்னும் குனிந்தார். இன்னொரு சட்டையை எறிந்தார்.

"ஒண்ணு."

"இது?"

"ரெண்டு. பை ஓரம் மை."

"இது?"

"கந்தல். துணியே நைஞ்சுபோச்சு, பாக்க மட்டும்தான் நல்லாயிருக்கு." இதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டும் தடவினார். கண்ணாடி போட்ட கையோடு விரலை மறந்துவிடவில்லை என்று காட்டுவதற்கோ என்னவோ. புதுப்பெண் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு சட்டைகள் ஆயின. பன்னிரண்டாவதை எடுக்க விசில் கையை நீட்டியபோது அலுவலகத்திலிருந்து அவரை யாரோ கூப்பிட்டார்கள். நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்து, விசிலைத் தடவியபடி ஒரு கணம் நின்றார். பிறகு போய்விட்டார்.

இரு என்று யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மற்ற மேசைகளில் வேலை தொடங்கிவிட்டது. அக்கா புதுப்பெண்ணைத் தன் இடது பக்கம் நிறுத்தி, "எடுத்ததும் காலரைப் பாரு, அப்புறம்தான் மத்தது" என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டாவது சட்டையைத் தானே உருவி எடுத்தார்.